கசாப்புக் கூடத்துக் கோழை

கோழையைப் பற்றி ஆராயும் எந்த ஆய்வகத்தின் குளிர்பெட்டியைத் திறந்தாலும் வெளிர்மஞ்சள் பொடி அடைத்த சிறு குப்பி ஒன்று கண்ணில் படும். மேலே ஒட்டிய தாளில் 'மியூசின், பன்றி இரைப்பை' என்றோ 'மியூசின், மாட்டுக் கீழ்த்தாடைச் சுரப்பி' என்றோ அச்சிட்டிருக்கும். மியூசின் என்பது கோழைக்கு வழவழப்பைத் தரும் பெரும் புரதம். நத்தை முதல் மனிதன் வரை, ஈரமான தோலோ உட்படலமோ உள்ள உயிர்களில் எல்லாம் ஏதோ ஒரு வடிவில் அது சுரக்கிறது. அப்படியிருக்க விற்பனைக்கு வருவது ஏன் பன்றியின் வயிறும் மாட்டின் தாடையும் மட்டும்? அவைதான் ஆய்வுக்குச் சிறந்தவை என்று அறிஞர்கள் ஒப்பிட்டுப் பார்த்துத் தேர்ந்திருப்பார்கள் என்று நாம் எண்ணிக்கொள்வது இயல்பு. வரலாற்றைப் புரட்டினால் வேறு பதில் கிடைக்கிறது. தேர்ந்தெடுத்தவர் பெரும்பாலும் கசாப்புக்காரர். இறைச்சித் தொழில் எதை மலிவாக, நிறைய, தவறாமல் கொடுத்ததோ அதையே உயிர்வேதியியல் எடுத்துக்கொண்டது. அதனால் அந்த அறிவியலுக்குப் பெரும் பேறும் வாய்த்தது. நெடுநாள் தீராத குழப்பமும் வாய்த்தது. இரண்டும் ஒரே ஊற்றிலிருந்து வந்தவை என்பதுதான் இங்கே நான் நிறுவ முயல்வது.

தொடக்கத்தில் கசாப்புக் கூடத்துக்கு இதில் பங்கில்லை. 1865-இல் ஐக்வால்ட் என்ற ஆய்வாளர் மியூசினைப் பற்றி ஜெர்மன் மொழியில் ஒரு நீண்ட ஆய்வை வெளியிட்டார். அவர் எடுத்துக்கொண்டது திராட்சைத் தோட்டங்களில் ஊரும் பெரிய நத்தை. அதன் கோழையை அமிலத்தில் காய்ச்சியபோது சர்க்கரையின் இயல்புள்ள ஒரு பொருள் பிரிந்தது. புரதத்தோடு சர்க்கரை பிணைந்திருக்கக்கூடும் என்ற எண்ணத்துக்கு அது முதல் தடயங்களில் ஒன்று. அடுத்து சுவீடனின் உப்சாலாவில் ஓலோஃப் ஹம்மார்ஸ்டென் 1880களில் அதே நத்தையையும் மாட்டின் கீழ்த்தாடை உமிழ்நீர்ச் சுரப்பியையும் சேர்த்து ஆராய்ந்தார். நத்தை பொறுக்கிச் செய்யும் வேதியியலுக்கு ஓர் எல்லை உண்டு. கோழையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர். மிஞ்சும் திடப்பொருளிலும் மியூசின் ஒரு பகுதிதான். அன்றைய சோதனை முறைகளுக்கோ கிராம் கணக்கில் பொருள் வேண்டும். மாட்டுத் தாடைக்கு ஹம்மார்ஸ்டென் வந்ததில் இந்தக் கணக்கும் இருந்திருக்க வேண்டும். ஊரில் தினமும் மாடு அறுபடுகிறது, சுரப்பி பெரியது, கேட்டால் கிடைக்கும். அங்கிருந்து உப்சாலாவில் ஒரு மரபே தொடங்கியது. அதன் பலன் கைக்கு வர ஐம்பது ஆண்டுகள் ஆயின.

ஐக்வால்டின் கட்டுரை வெளிவந்த அதே 1865-இன் கிறிஸ்துமஸ் நாளில் அமெரிக்காவின் சிகாகோவில் யூனியன் ஸ்டாக் யார்ட்ஸ் என்ற கால்நடைச் சந்தை திறக்கப்பட்டது. 1971-இல் மூடப்படும்வரை கோடிக்கணக்கான பன்றிகளும் மாடுகளும் அதன் வழியே போயின. அதைச் சுற்றி வளர்ந்த ஆர்மர், ஸ்விஃப்ட், வில்சன் போன்ற இறைச்சி நிறுவனங்களுக்குக் கறியில் கிடைத்த லாபம் மிகக் குறைவு, போட்டி கடுமை. எனவே எலும்பு பசையானது, கொழுப்பு சோப்பானது, மயிர் தூரிகையானது. பன்றியின் வீறிடலைத் தவிர வேறெதையும் வீணாக்குவதில்லை என்பது அந்த ஊர்ப் பெருமைப் பேச்சு. இந்தக் கணக்கில் சுரப்பிகளும் உட்படலங்களும் மருந்துச் சரக்காக மாறின. பன்றி இரைப்பையின் உட்படலத்திலிருந்து செரிமானத்துக்கான பெப்சின், கழுத்திலிருந்து தைராய்டு, 1920களில் கணையத்திலிருந்து இன்சுலின். எட்டு அவுன்ஸ் இன்சுலினுக்கு இரண்டு டன்னுக்கு மேல் பன்றி உறுப்புகள் தேவைப்பட்ட காலம் அது. அந்த அளவைப் பல்கலைக்கழகம் எதுவும் திரட்ட முடியாது. இருபதாம் நூற்றாண்டு உயிர்வேதியியலின் மூலப்பொருள் கிடங்கு உண்மையில் கசாப்புக் கூடமே. மாட்டுக் கணையத்திலிருந்து ரிபோநியூக்ளியேஸ் என்ற நொதியை ஆர்மர் நிறுவனம் ஒரு கிலோ அளவுக்குத் தூய்மைப்படுத்தி, கேட்ட அறிஞர்களுக்குச் சிறு சிறு மாதிரிகளாக இலவசமாகவே கொடுத்தது. 1972-இன் வேதியியல் நோபல் பரிசு அந்த நொதியை ஆராய்ந்த மூவருக்குப் போனது.

மியூசினும் இதே வாசல் வழியாகத்தான் வந்தது. ஆனால் ஆய்வுப் பொருளாக வரவில்லை, மருந்தாக வந்தது. சிகாகோவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபோகல்சன் என்ற மருத்துவர், குடற்புண்ணுக்குப் பன்றி மியூசினைக் கொடுக்கலாம் என்று 1931-இல் எழுதினார். இரைப்பையைத் தன் அமிலத்திலிருந்து காப்பது கோழை; புண் வந்தவருக்குக் கோழையை வெளியிலிருந்து கொடுத்தால் என்ன என்பது அவருடைய வாதம். அதற்கான சரக்கைச் செய்வது இறைச்சி நிறுவனங்களுக்குப் பெரிய காரியமில்லை. பன்றி இரைப்பையின் உட்படலத்தை அமிலத்திலும் பெப்சினிலும் ஊறவைத்தால் மற்றப் புரதங்கள் கரைந்து செரித்துப்போகும். சர்க்கரைக் கவசம் பூண்ட மியூசின் ஓரளவு தாக்குப்பிடிக்கும். பிறகு ஆல்கஹால் சேர்த்தால் அது வீழ்படிவாக இறங்கும், காயவைத்துப் பொடியாக்கலாம். மருந்தாக அது நெடுநாள் நிலைக்கவில்லை. ஆனால் பொடி நின்றுவிட்டது. வில்சன் ஆய்வகங்களின் '1701-டபிள்யூ' என்ற எண்ணுள்ள குருணை மியூசின், அடுத்த சில பத்தாண்டுகளுக்கு நுண்ணுயிரியல் கட்டுரைகளில் திரும்பத் திரும்ப வரும் பெயராயிற்று. காரணம் நங்ஜெஸ்டர், மில்லர் போன்றவர்கள் 1930களின் தொடக்கத்தில் கண்ட ஓர் உண்மை. மூளையுறைக் காய்ச்சல் கிருமியை வெறுமனே செலுத்தினால் சுண்டெலி எளிதில் தாங்கிக்கொள்ளும். மியூசினில் கலந்து செலுத்தினால் மிகச் சில கிருமிகளே அதைக் கொன்றுவிடும். எலிக்கு வராத மனித நோயை எலிக்கு வரவழைக்கும் வழி கிடைத்துவிட்டது. மூளையுறைக் காய்ச்சல், டைஃபாய்டு, காலரா ஆகியவற்றின் தடுப்பூசிகளுக்கும் எதிர்ச்சீரங்களுக்கும் வீரியம் உண்டா என்று பார்க்கும் எலிச் சோதனைகளில் இந்தப் பொடி நிரந்தர இடம் பிடித்தது.

இங்கேதான் முதல் சிக்கல். கிருமிக்கு வலுவூட்டியது மியூசின்தானா? கோழையின் வழவழப்பு உடலின் காவல் அணுக்களிடமிருந்து கிருமியை மறைக்கிறது என்பது எளிய விளக்கம். ஆனால் ஒரு சிப்பம் வேலை செய்யும், மறு சிப்பம் செய்யாது. பிரிட்டனின் போர்ட்டனில் ஹாரி ஸ்மித்தும் கூட்டாளிகளும் 1950களின் தொடக்கத்தில் இந்த வணிகப் பொடியைப் பகுதி பகுதியாகப் பிரித்தார்கள். உள்ளே கான்ட்ராய்டின் சல்ஃபேட் இருந்தது, ஹெப்பாரின் இருந்தது, ரத்த வகைப் பொருள் இருந்தது, கரையாத துகள்களும் இருந்தன. கிருமிக்குத் துணைபோனது இவற்றின் கூட்டு. ஹெப்பாரினும் கான்ட்ராய்டினும் இரைப்பைக் கோழையின் உறுப்புகள் அல்ல. உட்படலத்தைத் திசுவோடு சேர்த்து உரித்து ஊறவைத்ததால் வந்து சேர்ந்தவை. அதாவது ஏறத்தாழ இருபது ஆண்டுகள் 'மியூசினின் விளைவு' என்று அச்சேறியதில் ஒரு பங்கு, பன்றி வயிற்றை உரிக்கும் முறையின் விளைவு. தொழிலைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. குடற்புண்ணுக்குக் குடிக்கத் தந்த மருந்தில் சிறிது ஹெப்பாரின் கலந்திருந்தால் அதை யார் பொருட்படுத்துவார்? ஒரு நோக்கத்துக்காகச் செய்த சரக்கை இன்னொரு நோக்கத்துக்குக் கைமாற்றியபோது, முதல் நோக்கத்தின் தர அளவையும் சேர்த்தே வாங்குகிறோம் என்பது மறந்துபோயிற்று.

அதே பொடியின் அதே கலப்படம் வேறொரு துறைக்கு வரமாக அமைந்ததையும் சொல்ல வேண்டும். மனித ரத்தத்தின் ஏ, பி, ஓ வகைகளைத் தீர்மானிக்கும் வேதிப்பொருள் என்ன என்பது 1930களில் விடை தெரியாத கேள்வி. சிவப்பணுவின் மேற்பரப்பில் அது மிகச் சிறிய அளவில், கொழுப்போடு ஒட்டிக்கொண்டு இருக்கிறது, பிரித்தெடுப்பது கடினம். ஆனால் பன்றி இரைப்பை மியூசின் ஏ வகை ரத்தத்தின் அடையாளத்தைக் கிலோ கணக்கில் சுமந்திருந்தது. ரத்த வகைகளைக் கண்டுபிடித்த கார்ல் லேண்ட்ஸ்டைனரே தம் கடைசி ஆண்டுகளில் அதை ஆராய்ந்தார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் எல்வின் கேபட் அதை அடித்தளமாக்கிக்கொண்டார். லண்டனின் லிஸ்டர் நிறுவனத்தில் வால்டர் மார்கனும் வினிஃப்ரெட் வாட்கின்ஸும் மனிதச் சூலகக் கட்டிகளின் கோழை நீரைக் கையாண்டு, வகைக்கு வகை மாறுவது ஓரச் சர்க்கரைதான் என்பதை 1950களில் நிறுவினார்கள். இதிலும் ஒரு நுட்பம் உண்டு. ஒரு பன்றியின் இரைப்பையில் ஏ வகை இருக்கும், அல்லது ஓ வகைக்கு உரிய எச் பொருள் இருக்கும். தொழிற்சாலையோ நூற்றுக்கணக்கான வயிறுகளை ஒரே தொட்டியில் கொட்டுகிறது. எனவே கடையில் வாங்கிய மியூசினில் இரண்டும் கலந்தே இருக்கும். தனிப் பன்றியைப் பிரித்து ஆராயத் தொடங்கிய பிறகுதான் அது தெளிந்தது. தொட்டியில் கலந்தது தொழிலின் வசதி. அதைப் பிரித்தறிந்தது அறிவியலின் உழைப்பு.

மாட்டுத் தாடையின் கதை இதைவிடச் சிறப்பானது. ஹம்மார்ஸ்டெனின் உப்சாலாவில் குன்னார் பிளிக்ஸ் 1936-இல் மாட்டுக் கீழ்த்தாடை மியூசினிலிருந்து படிகமாகத் திரளும் ஓர் அமிலத்தைப் பிரித்தார். அதுவரை அறிந்த எந்தச் சர்க்கரையோடும் அது ஒத்துப்போகவில்லை. 1952-இல் உமிழ்நீரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்குச் சியாலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். இதற்கிடையே உலகின் மறுகோடியில் வேறொரு புதிர். இன்ஃப்ளூயன்சா வைரஸ் கோழியின் சிவப்பணுக்களைக் கொத்தாக ஒட்டவைக்கிறது என்று ஜார்ஜ் ஹர்ஸ்ட் 1941-இல் நியூயார்க்கில் கண்டார். சற்று நேரம் கழித்து வைரஸ் தானே விலகிவிடும். விலகிய பிறகு அந்த அணுக்கள் மறுபடி ஒட்டுவதில்லை. வைரஸ் எதையோ வெட்டி எடுத்துவிடுகிறது என்று பொருள். மெல்பர்னில் மெக்ஃபார்லேன் பர்னெட்டின் குழு, காலராக் கிருமியின் கசிவும் அதே வேலையைச் செய்வதை 1946-இல் காட்டியது. மியூசின்களைக் கலந்தால் வைரஸ் அணுக்களை விட்டு மியூசினைப் பற்றிக்கொள்வதும் தெரியவந்தது. ஜெர்மனியிலிருந்து வெளியேறி 1939-இல் மெல்பர்ன் வந்து சேர்ந்த ஆல்ஃபிரெட் காட்ஷால்க் இந்த நூலைப் பிடித்துக்கொண்டு போனார். வைரஸ் வெட்டும் பொருள் எது என்று அவர் முட்டை வெள்ளையின் மியூசினிலும் மாட்டுத் தாடை மியூசினிலும் தேடினார். கிடைத்தது பிளிக்ஸின் அமிலம். கொலோன் நகரில் எர்ன்ஸ்ட் கிளெங்க் மூளையிலிருந்து எடுத்து 1941-இல் நியூராமினிக் அமிலம் என்று அழைத்ததும் இதே குடும்பம். 1957-இல் மூவரும் சேர்ந்து பெயர்களை ஒழுங்குபடுத்தினார்கள். வெட்டும் நொதிக்கு நியூராமினிடேஸ் என்ற பெயர் நிலைத்தது.

எச்1என்1 என்று நாம் சொல்லும் காய்ச்சலின் பெயரில் உள்ள 'என்' இந்த நொதியே. 1983-இல் ஆஸ்திரேலியாவில் பீட்டர் கோல்மனும் ஜோஸ் வர்கீஸும் கிரேம் லேவரும் அதன் முப்பரிமாண வடிவத்தை வெளியிட்டார்கள். சியாலிக் அமிலம் போய் உட்காரும் குழியில் அதைப் போன்றே பொய்த்தோற்றம் காட்டும் ஒரு மூலக்கூறைப் பொருத்தினால் நொதி முடங்கும். அப்படி வடிவமைத்த சனாமிவிர் பற்றிய ஆய்வு 1993-இல் வந்தது. மருந்தாக 1999-இல் அங்கீகாரம் பெற்றது. அதே ஆண்டு வந்த ஒசெல்டாமிவிர், 2009-இன் பன்றிக் காய்ச்சல் நாட்களில் 'டாமிஃப்ளூ' என்ற பெயரில் நம் ஊர் மருத்துவமனைகளில் எல்லோர் வாயிலும் புழங்கியது. அந்த மாத்திரையிலிருந்து கயிற்றைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனால், அதன் ஒரு முனை உப்சாலாவில் இறைச்சிக்காக அறுத்த மாட்டின் தாடையில் கட்டியிருக்கிறது.

இனி மறுப்புகளைப் பார்க்கலாம். முதல் மறுப்பு இது: சர்க்கரை சர்க்கரைதான், மாட்டுக்குப் பதில் ஒட்டகத்தை எடுத்திருந்தாலும் சியாலிக் அமிலம் கிடைத்திருக்கும், எனவே மூலம் எந்த விலங்கு என்பது வரலாற்றுத் துணுக்கு மட்டுமே. பாதி உண்மை. அமிலம் கிடைத்திருக்கும், எந்த அமிலம் என்பதுதான் கேள்வி. 1950களின் நடுவில் பிளிக்ஸின் குழுவே ஒப்பிட்டுப் பார்த்தபோது ஆட்டின் படிகம் ஒன்றாகவும் பன்றியின் படிகம் வேறாகவும் மாட்டின் படிகம் கூடுதல் அசிட்டைல் ஒட்டுகளுடன் இன்னொன்றாகவும் இருந்தன. அந்த வேறுபாடு சாதாரணமல்ல. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் படித்து, கலிஃபோர்னியாவின் சான் டியாகோவில் பணியாற்றிய அஜித் வர்க்கி, பன்றியில் மிகுந்திருக்கும் கிளைகோலைல் வகைச் சியாலிக் அமிலத்தை மனிதனால் செய்யவே முடியாது என்பதை 1998-இல் கூட்டாளிகளுடன் காட்டினார். அதற்கான மரபணு நம் முன்னோரில் இருபது லட்சம் ஆண்டுகளுக்கும் முன்பே பழுதாகிவிட்டது. பன்றி மியூசினை மனிதக் கோழையின் பதிலியாகக் கொள்ளும் ஆய்வு ஒவ்வொன்றும் இந்த வேறுபாட்டைக் கணக்கில் எடுத்தாக வேண்டும். இன்ஃப்ளூயன்சா சி வைரஸ் மாட்டு மியூசினில் மிகுந்த ஒன்பதாம் இட அசிட்டைல் வகையைத் தேடிப் பற்றுகிறது என்பதும் 1980களில் தெரிந்தது. ஆட்டின் தாடை மியூசினில் குவிந்திருக்கும் சிறு இரட்டைச் சர்க்கரையோ மனிதப் புற்றுத் திசுக்களில் வெளிப்படும் அடையாளம். அதை இனங்காணும் எதிர்ப்பொருள்களில் சில ஆட்டு மியூசினைக் கொண்டே உருவானவை. விலங்கை மாற்றியிருந்தால் கண்ணில் படும் உண்மையும் படும் வரிசையும் மாறியிருக்கும்.

இரண்டாம் மறுப்பு: பொருளில் குறை இருந்தால் அது அறிஞரின் அசட்டை, விலைப்பட்டியலில் 'ஓரளவு தூய்மைப்படுத்தியது' என்று விற்பவர் அச்சிட்டுத்தானே தருகிறார்? நியாயம்தான். ஆனாலும் அசட்டை ஏன் இவ்வளவு பரவலாக நிகழ்ந்தது என்று கேட்க வேண்டும். இரைப்பைக் கோழையின் அடிப்படைத் தொழிலே அமிலத்தில் இறுகி ஜெல் ஆவது. பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் ரமா பன்சில் முதலானோர் பன்றி இரைப்பையிலிருந்து தாமே மெதுவாகச் சுரண்டி, நொதி படாமல் பிரித்த மியூசின், அமிலத்தன்மை பிஎச் 4-க்குக் கீழே போனதும் ஜெல்லாக இறுகியது. கடைப் பொடி இறுகுவதில்லை. பெப்சினில் ஊறியபோது மூலக்கூறுகளை ஒன்றோடொன்று கோக்கும் முனைகள் அறுந்துபோனதே காரணம். குடற்புண் மருந்துக்காகப் பிறந்த அந்த ஊறல் முறை, கோழையைக் கோழையாக்கும் பண்பையே கழித்துவிட்டது. இதே குழு 2009-இல் தம் சொந்தச் சரக்கைக் கொண்டு, குடற்புண்ணுக்குக் காரணமான ஹெலிகோபேக்டர் கிருமி எப்படிக் கோழையைக் கடக்கிறது என்று காட்டியது. அது திருகித் துளைப்பதில்லை. தன் நொதியால் அமிலத்தைத் தணித்து, இறுகிய ஜெல்லை நீராக்கிக்கொண்டு நீந்துகிறது. கடைப் பொடியில் அந்த உண்மை தெரிந்திருக்காது. இறுகாத பொருள் இளகுவதை எப்படிக் காண்பது? 1931-இல் புண்ணை ஆற்றக் கொடுத்த மியூசின், எண்பது ஆண்டுகளுக்குள் அந்தப் புண்ணின் காரணத்தை விளக்கும் கருவியாயிற்று என்பதில் ஒரு வட்டம் நிறைவடைகிறது. நிறைவடைய வேண்டுமானால் தொழிற்சாலைப் பொடியைக் கைவிட்டு மறுபடி கசாப்புக் கூடத்துக்கே நேரில் போக வேண்டியிருந்தது.

மூன்றாம் மறுப்பு காலத்தைச் சார்ந்தது. மரபணுவைச் செல்லில் புகுத்தி மனிதப் புரதத்தைத் தொட்டியில் வளர்க்கும் இந்நாளில் விலங்கு எதற்கு? இன்சுலின் அப்படித்தான் பன்றியையும் மாட்டையும் விட்டு விலகியது. மியூசின் அவ்வளவு எளிதில் விலகாது. இன்சுலின் ஐம்பத்தொரு அமினோ அமிலங்கள் கொண்ட சிறு புரதம். மரபணு சொன்னபடி கோத்தால் முடிந்தது. மியூசினோ ஆயிரக்கணக்கான கண்ணிகள் நீண்ட முதுகெலும்பு. அதன் எடையில் பெரும்பங்கு சர்க்கரைக் கிளைகள். அந்தக் கிளைகளின் வரைபடம் மரபணுவில் நேராக எழுதியிருப்பதில்லை. சுரக்கும் செல்லின் நொதிகள் கூடிப் போடுபவை. வளர்ப்புச் செல் தரும் அளவு நுட்பமான கேள்விகளுக்குப் போதும். கிராம் கணக்கில் வேண்டுமென்றால் இன்னும் பன்றிதான். கதிர்வீச்சுச் சிகிச்சையால் வாய் வறண்டவர்களுக்கான செயற்கை உமிழ்நீரில் ஒரு வகை பன்றி மியூசினைக் கொண்டது; சமயக் காரணத்தால் அதை மறுக்கும் நோயாளிகளுக்கு மருத்துவர் வேறொன்றைத் தேட வேண்டியிருக்கிறது. அவர்களுக்கு மூலத்தைச் சொல்வது கடமை என்றால், ஆய்வைப் படிப்பவருக்கும் அது கடமையே.

உயிர்வேதியியல் தன் வரலாற்றை எழுதும்போது கருவிகளுக்கும் கருத்துகளுக்கும் இடம் ஒதுக்குகிறது. சரக்கு வந்த வழியை அடிக்குறிப்பில் தள்ளுகிறது. மியூசினின் நூற்றைம்பது ஆண்டுகள் அந்த வழக்கம் தவறு என்கின்றன. கசாப்புக் கூடம் இல்லாமல் சியாலிக் அமிலமும் ரத்த வகையின் சர்க்கரையும் இவ்வளவு விரைவில் கைக்கு வந்திருக்காது. அதே கூடத்தின் ஊறல் தொட்டியால்தான் வலுவூட்டியது எது, இறுகாதது ஏன் என்று தெரியாமல் பல்லாண்டுகள் கழிந்தன. கடனை ஒப்புக்கொள்வதற்கான வழி எளியது: எந்த விலங்கு, எந்த உறுப்பு, எந்த முறையில் பிரித்தது, எந்தச் சிப்பம் என்ற நான்கையும் கட்டுரையில் எழுதுவது. 'மியூசின்' என்ற ஒற்றைச் சொல், கடைக்காரருக்குப் போதுமான பெயர், ஆய்வாளருக்குப் போதாது.